சித்தி கற்றுக்கொடுத்த பதில்

பள்ளிக்கூட இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் முழுவதும் சித்தி தன் மகளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம். "உங்க அம்மா யாரு?" என்பாள். குழந்தை சிரித்துக்கொண்டே சித்தியின் மூக்கைத் தொடும். தொட்ட கை கீழே இறங்குவதற்குள் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும். அழுது முடிக்கும்வரை காத்திருந்து, மூக்கைத் துடைத்துவிட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பாள். கடைசியில் ஒருநாள் சாயங்காலம் குழந்தை விரலை நீட்டி, வாசல் பக்கம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் அம்மாவைக் காட்டியது. சித்தி அவளை வாரி எடுத்து முத்தம் கொடுத்து, வாயில் மிட்டாயைத் திணித்தாள். "நீ ஏன்டி அதைப் போட்டுக் கிள்றே, நான் சொல்லிக் குடுக்கறேன் விடு" என்றாள் அம்மா. "வேணாங்க்கா. வலிச்சா என் கையாலயே வலிக்கட்டும்" என்றாள் சித்தி. அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மர்பி டவுனில் ஒரே காம்பவுண்டுக்குள் நாங்களும் சித்தி குடும்பமும் ஒட்டினாற்போல இரண்டு வீடுகளில் இருந்தோம். நடுவில் ஒரு சுவர்தான். அப்பா ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் பேசுவார். அதிகாரி ஒருவரின் சிபாரிசில் என்னை ஒரு நல்ல கான்வென்டில் சேர்த்திருந்தார். சித்தப்பா அல்சூரில் ஒரு மரக்கடையில் சுமை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். தமிழும் கன்னடமும் மூட்டை மூட்டையாகப் பேசுவார், இங்கிலீஷ் மட்டும் வராது. சித்தி ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் தன் மகள் நான் படிக்கும் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று, பிள்ளை தவழும்போதே முடிவு கட்டிவிட்டாள். நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்பது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அதில் பொறாமை கிடையாது, பசி இருந்தது.

அந்தப் பள்ளியின் சட்டதிட்டங்கள் ரொம்ப நியாயமானவை போலத் தெரியும். நோட்டீஸ் போர்டில் அழகாக டைப் அடித்து ஒட்டியிருப்பார்கள். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் உடன்பிறந்தவர்களுக்கு முதல் இடம். அடுத்து டீச்சர்களின் பிள்ளைகள். அதற்கடுத்து பெரிய இடத்துச் சிபாரிசோடு வருகிறவர்கள். மிச்சம் மீதி இருந்தால் மற்றவர்கள். அந்த மற்றவர்களில் அம்மா, அப்பா இருவரும் பிரின்சிபால் மேடம் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். படிக்கப் போவது பிள்ளை, பரீட்சை அப்பனுக்கும் ஆத்தாளுக்கும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், "வாட் இஸ் யுவர் குட் நேம்" என்ற கேள்விக்கே வியர்த்துக் கொட்டித் திரும்பி வந்திருக்கிறார்கள். வெளியே அனுப்பும்போது யாரும் திட்ட மாட்டார்கள். சிரித்த முகத்தோடு, சீட்டு நிரம்பிவிட்டது என்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சித்தப்பாவும் சித்தியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே உடன்பிறந்தவர் வழிதான் வழி என்று அப்பா சொன்னார். குழந்தை சித்தியின் தாய்வீட்டில் பிறந்தது, பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தார்கள். அப்பா ஒரு நோட்டரியிடம் போய், இவள் என் இரண்டாவது மகள் என்று அஃபிடவிட் எழுதி வாங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் இது ஒரு பெரிய குற்றம் இல்லை. ரேஷன் கார்டில் அத்தை பிள்ளை, மாமா பிள்ளை எல்லாம் ஏறி இறங்கும். அக்காள் பிள்ளை, தங்கை பிள்ளை என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? "பேருதானேக்கா, குடுத்தா தேஞ்சா போயிடும்" என்றாள் சித்தி. சித்தப்பா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

இன்டர்வியூ அன்று என்னையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டு, அக்காள் என்ற முறையில் உட்காரவைத்தார்கள். அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள். சின்னவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். நிறம் சொன்னாள், ரைம் சொன்னாள், "ஹூ இஸ் யுவர் மதர்" என்றதும் என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் கண் அடிக்கடி ஜன்னலுக்குப் போயிற்று. ஜன்னலுக்கு நேராகப் பள்ளியின் கேட். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தி நின்றிருந்தாள். வீட்டிலேயே இரு என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தும் பின்னாலேயே வந்துவிட்டாள். பிரின்சிபால் மேடமும் திரும்பிப் பார்த்தார். "யார் அது, உள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்கிறாளே?" என்று குழந்தையிடம் இங்கிலீஷில் கேட்டார். இந்தக் கேள்விக்குச் சித்தி பதில் சொல்லித் தரவில்லை. சின்னவள் வராந்தாவில் ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு போன பள்ளிக்கூட ஆயாவைப் பார்த்தாள். "ஆயா. எங்க ஆயா" என்றாள். மேடம் சிரித்து, கெட்டிக்காரப் பெண் என்று கன்னத்தைத் தட்டினார். சீட்டு கிடைத்துவிட்டது.

அன்றைக்குக் காம்பவுண்டில் அதுதான் பேச்சு. அப்பா அதை நடித்தே காட்டினார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சித்திதான். மீதி இருந்த மிட்டாயையெல்லாம் அவளே வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மேடம் கண்ணில் ஒருமுறை ஆயாவாகப் பட்டுவிட்டதால் அதன்பிறகு சித்தி ஆயாவாகவே இருக்க வேண்டியதாயிற்று. காலையில் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு எங்களைக் கூட்டிப் போவாள். மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோடு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் மற்ற ஆயாக்களோடு உட்கார்ந்திருப்பாள். "உங்க வீட்டம்மா எப்பிடி, நல்லவங்களா?" என்று அவர்கள் கேட்பார்களாம். "சோறு போடறாங்க, திட்ட மாட்டாங்க" என்று சித்தி சொல்வாளாம். வீட்டுக்கு வந்து அதையும் ஒரு ஜோக்காகச் சொல்வாள். பேரன்ட்ஸ் மீட்டிங் அன்று மட்டும் வர மாட்டாள். அன்றைக்கு என் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள்.

சித்தி செய்த ஒரே பெரிய தப்பு, என்னைக் கேட்டால், இதுதான்: வீட்டுக்குள்ளேயும் அந்தப் பேச்சையே வைத்தாள். குழந்தை வாய், எங்கேயாவது தவறிவிடும் என்ற பயம் அவளுக்கு. "உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வேணாம் பாப்பா. பெரியம்மாவ அம்மான்னே கூப்பிடு. என்னைச் சித்தின்னு கூப்பிடு, அக்கா கூப்பிடுறா இல்ல, அப்பிடி" என்றாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று நினைத்தாள். நான் "சித்தி" என்று கூப்பிட, சின்னவளும் "சித்தி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஹோம்வொர்க்குக்காக எங்கள் வீட்டில் உட்கார்ந்தவள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கினாள். ஒருமுறை அவளுக்கு நல்ல காய்ச்சல். "அம்மா, அம்மா" என்று அனத்தினாள். சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சித்தி ஓடி வந்தாள். என் அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "என்னைத்தான்டி கூப்பிடுறா, நீ போய் வேலையப் பாரு" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் அம்மா கெட்டவள் இல்லை என்று பலரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பள்ளிக்கும் பொய் ஒன்றும் புதிது இல்லை. சர்க்கார் காகிதத்தில் அது கன்னட மீடியம், வகுப்பில் நடந்தது இங்கிலீஷ். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் இங்கிலீஷ் புத்தகங்களைப் பைக்குள் போட்டுவிட்டு, கன்னடப் புத்தகத்தை டெஸ்க் மேல் விரித்து வைக்கும்படி சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். சின்னவள் அதில் கெட்டி. இன்ஸ்பெக்டர் கேட்டால் யாரும் நெளிவதற்குமுன் எழுந்து நின்று பதில் சொல்வாளாம். எங்கள் வீடும் பள்ளியும் சேர்ந்துதான் அவளை வளர்த்தோம்.

சித்திக்கு அடுத்துப் பிறந்தது ஒரு பையன். அவனுக்கும் பள்ளிக்கூட வயது வந்தபோது அவள் அப்பாவிடம் வந்து நின்றாள். அப்பா முடியாது என்றுவிட்டார். மூன்றாவது பிள்ளையை இத்தனை வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று மேடம் கேட்டால் மொத்தமும் வெளியே வந்துவிடும் என்றார். அது சரிதான். "ஒருத்திக்குக் குடுத்ததே பெரிசு" என்றாள் அம்மா. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சித்தி யாரிடமும் சொல்லாமல், பையனுக்குத் தலை சீவிவிட்டு, தானே பள்ளிக்குப் போனாள். சித்தப்பாவும் உடன் போகவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சித்தியே எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து சொன்னாள். ஆபீசில் இருந்த கிளார்க் அவளைப் பார்த்ததும், "என்னம்மா, உங்க வீட்டம்மா பிள்ளையா இது?" என்று கேட்டிருக்கிறார். சித்தி, இவன் என் பிள்ளை என்றிருக்கிறாள். இவன் கூடப் பிறந்தவர்கள் யாராவது இங்கே படிக்கிறார்களா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டால் பையனுக்குச் சீட்டு. சித்திக்கு வாய் நிற்கவில்லை. சின்னவளின் பெயரையும் வகுப்பையும் சொல்லிவிட்டாள். விஷயம் மேடம் அறைக்குப் போனது. சின்னவளை வகுப்பிலிருந்து வரவழைத்தார்கள். அப்போது அவளுக்கு எல்லாம் புரிகிற வயது. உண்மை வெளியே வந்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்த்த பெண்.

"மேடம் கேட்டாங்க, இவங்க உனக்கு யாருன்னு" என்றாள் சித்தி. "பாப்பா என்னைப் பாத்தா. தம்பியப் பாத்தா. கண்ணு கூட அசையலக்கா. எங்க வீட்டு ஆயா மேடம், பையனுக்கு சீட்டு வேணும்னு பொய் சொல்றாங்கன்னு தெளிவா இங்கிலீஷ்ல சொன்னா. எனக்கே புரிஞ்சுது. நானும் உடனே, ஆமாங்க மேடம், ஆசையில சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு கால்ல உழுந்துட்டேன். இனிமே கேட் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க. பரவால்ல. என்னா தைரியம் பாத்தியா அவளுக்கு? நான் அன்னைக்குக் கிள்ளினது வீண் போகல."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன், அது நடிப்பு இல்லை. உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பையன் அந்த ஜூனில் சர்க்கார் பள்ளியில் சேர்ந்தான். சின்னவள் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் எப்போதும்போல ஹோம்வொர்க் எழுதினாள். சித்தியிடம் அவள் மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் சித்தி அதைத் தேவையில்லாத பேச்சு என்றிருப்பாள்.

சின்னவள் நன்றாகப் படித்தாள், நல்ல இங்கிலீஷ் பேசினாள். டிகிரி முடிப்பதற்குள்ளேயே ஓசூர் ரோடு பக்கம் ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்தது. பத்தாவது மார்க் கார்டில் இருந்த அப்பா அம்மா பெயர்தான் கம்பெனியிலும் ஏறியது. பெற்றோருக்கு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் என்று கார்டு கொடுத்தார்கள். அந்தக் கார்டில் என் அம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஏசி ரூமில் படுத்துக் கண் ஆபரேஷன் செய்துகொண்டாள். அதற்கு அடுத்த வருடம் சித்திக்குச் சிறுநீரகம் கெட்டது. அவள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பாய் விரித்துப் படுத்தாள். பேரை மாற்ற முடியுமா என்று சின்னவள் ஒருமுறை அப்பாவிடம் கேட்டாள். மாற்றப் போனால் பொய் அஃபிடவிட் என்று தோண்டுவார்கள், உன் வேலையே போய்விடும் என்றார் அப்பா. சித்தியும் கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

சித்தி இறந்தது ஒரு வேலைநாள் காலையில். உடலைக் காம்பவுண்டில் கிடத்தியிருந்தார்கள். சின்னவள் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று டீம் லீடருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கம்பெனியில் அம்மாவோ அப்பாவோ இறந்தால்தான் லீவு. "யார் இறந்தது?" என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி" என்றாள். பிறகு, "ஓகே, ஹாஃப் டே" என்று போனை வைத்தாள்.

முகம் கழுவினாள். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "எடுக்கறதுக்குள்ள கேப் வந்துடும்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சித்தியின் காலைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்க அவளுக்கு நேரம் ஆயிற்று. கேட்டுக்கு வெளியே கேப் ஹார்ன் அடித்தது, எழுந்து போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, யார் அந்தப் பெண், எடுப்பதற்குள் கிளம்புகிறாளே என்று கேட்டாள். என் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "என் ரெண்டாவது பொண்ணு. லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்க, பாவம். சித்தின்னா அவளுக்கு உசுரு."