நீலத்துக்கு நாற்பது நிமிடம்

கள்ளக்குறிச்சியில் தன் வீட்டு முன்னறையிலேயே கோகிலவாணி சாமையும் தினையும் புடைத்து, கல் பொறுக்கி, அரைக்கிலோ பாக்கெட்டுகளாகப் போடுவாள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். அம்மா போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். தம்பி தமிழ்வேந்தனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பாக்கெட்டுகளுக்கு அங்கே கடை பிடித்துக் கொடுப்பதும் அவன்தான். ஒட்டுகிற டேப் வாங்கப் போனால்கூட, "எங்க தம்பி எம்.சி.ஏ." என்று சொல்லாமல் அவள் திரும்பியதில்லை.

தானியம் வெள்ளிமலையிலிருந்து வரும். அய்யப்பன் என்ற விவசாயி தன் காட்டிலும் அக்கம்பக்கத்திலும் விளைந்ததைச் சேர்த்து அனுப்புவார். மலையில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டுத் தம்பிக்குச் சொல்வது கோகிலவாணியின் வேலை. அதற்காகவே தினம் சாயங்காலம் அவன் போன் செய்வான். அப்படியும் போன மாதம் எண்பது கிலோ சாமைதான் மிச்சம் என்பது தெரியாமல் ஒரு கடைக்கு இருநூறு கிலோ தர ஒத்துக்கொண்டு மாட்டிக்கொண்டான்.

"இனிமே மூணு பேரும் ஒண்ணா பேசணும்க்கா. சனிக்கிழமை பத்து மணிக்கு ஆன்லைன்ல மீட்டிங். தினம் போன் பண்ற வேலையே இல்ல."

"தினம் வேணாமாடா?"

"வாரம் ஒரு தடவ பேசினா பத்தாதா? எந்த ஆப்னு நீயே பாத்து சொல்லு. நீ பாத்தா சரியா இருக்கும்."

கடைசியாகச் சொன்னது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் முதலில் சொன்னது உறைத்தது. இனி அவன் குரல் வாரத்துக்கு ஒரு நாள்.

நீள நோட்டில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டாள். சத்தம், படம், நேரம், கட் ஆனால் திரும்பி வர எவ்வளவு ஆகும், குறை. போனில் இறக்கிய மூன்று ஆப்களுக்கும் நிறத்தை வைத்தே பெயர். நீலம், பச்சை, ஆரஞ்சு.

சோதித்துப் பார்க்க இரண்டாவது ஆள் இல்லை. அம்மாவின் பழைய போனைச் சார்ஜ் போட்டு முன்னறையில் மூட்டைமேல் சாய்த்தாள். தன் போனோடு சமையலறைக்குப் போய், "ஹலோ, கேக்குதா?" என்றாள். முன்னறையில் அவள் குரலே கொஞ்சம் தாமதித்து ஒலித்தது. தன் போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து, "கேக்குது" என்று பதில் சொன்னாள். சமையலறையில் அதைக் கேட்க ஆளில்லை என்பது சொன்ன பிறகுதான் புரிந்தது.

நான்கு நாள் இப்படியே. பச்சைக்குப் பாஸ்வேர்டு போட்டுப் போட்டே அலுத்துப்போகும், அய்யப்பனுக்கு ஆகாது. நீலம் தெளிவாக இருந்தது. நெட்டை அணைத்துவிட்டுப் போட்டால் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தது. ஆனால் காசு கட்டாவிட்டால் நாற்பது நிமிடத்தில் தானே நின்றுவிடும். ஆரஞ்சுக்கு அந்தக் கணக்கே கிடையாது. நேரம் என்ற கட்டத்தில் 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். வியாபாரம் அரை மணியில் முடிந்துவிடும். அதற்கப்புறம் அவன் பல் வலி, சாப்பாடு, அவளுடைய புதுக் கண்ணாடி என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

மலையில் எடுக்கிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ்ஸில் இரண்டு போன்களோடு போனாள். அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு அய்யப்பன் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினார். அவர் மனைவி லட்சுமியம்மாளும் கோகிலவாணியும் கீழே பஸ் நிற்கும் இடத்தில் இருந்தார்கள்.

நீலத்தில் அவர் பேசியது தெளிவாகக் கேட்டது. அடுத்து ஆரஞ்சில் அவர் முகம் வந்தது. வாயைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டது.

"வாயத் தொறந்தா மூடமாட்டாருனு ஊருக்கே தெரியும். இப்ப உன் போனுக்கும் தெரிஞ்சிபோச்சு" என்றாள் லட்சுமியம்மாள்.

கோகிலவாணி இன்னொரு தடவை போட்டாள். அப்புறம் இன்னொரு தடவை.

"இன்னாம்மா, அதையே பிடிச்சிகினு கீற? அந்த நீலத்துல நல்லாத்தான பேசினாரு."

"அதுல நேரம் கம்மிக்கா."

"சாமை கீது, இல்லன்னு சொல்ல இன்னா நேரம் ஓணும்?"

அம்மாவின் போனை அய்யப்பனிடமே விட்டுவந்த கோகிலவாணி, இறங்கும் பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை யோசித்தாள். பொய்யாக எழுதிப் பழக்கமில்லை. ஆரஞ்சுக்கு நேராக 'மலையில் எடுக்கவில்லை' என்று எழுதினாள். தம்பிக்கு நீலம் என்று செய்தி அனுப்பினாள்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே தலைவாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்துவிட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தம்பியிடம் கேட்க வேண்டியவை வரிசையாக இருந்தன. பத்து நிமிடத்துக்குள் முடிகிறாற்போல அடக்கி எழுதியிருந்தாள். பத்து மணிக்குப் போன் திரையில் மூன்று கட்டங்களில் மூன்று முகங்கள். மலையில் எவ்வளவு, எந்த வாரம், எந்தக் கடைக்கு என்று எல்லாம் ஒழுங்காகப் பேசினார்கள்.

"ஓக்கே, அவ்ளோதான் விஷயம்" என்றான் தமிழ்வேந்தன். அவன் கட்டம் மறைந்தது.

அந்த வீட்டில் யாரும் 'வரேன்' சொல்லாமல் வாசல் தாண்டியதில்லை. போனிலும் அவன் "வரேன்க்கா" என்பான், அவள் "வா" என்ற பிறகுதான் வைப்பான். அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, '10.22, தம்பி லைன் கட்' என்று எழுதினாள்.

"தம்பி எங்கம்மா காணோம்?" என்றார் அய்யப்பன்.

"சிக்னல் போயிருக்கும்ண்ணே. ரெண்டு நிமிஷத்துல வந்துருவான். நான் பாத்து வச்சிருக்கேன்."

இருவரும் காத்திருந்தார்கள். அவர் பின்னால் காற்றில் மரம் ஆடியது. இரண்டு நிமிடம் ஐந்தாயிற்று. அப்போது போனில் தம்பியின் செய்தி வந்தது: 'மீட்டிங் சூப்பர்க்கா. ஆப் நல்ல செலக்‌ஷன். அடுத்த சனி பாப்போம்.'

"அவனுக்கு வேற வேல வந்துருச்சாம்ண்ணே. நீங்க வச்சிடுங்க. கீழ செவப்பா ஒண்ணு இருக்கும் பாருங்க."

"சரி, வரேம்மா."

"வாங்கண்ணே."

சிவப்பைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவரும் போய், புதுக் கண்ணாடியோடு அவள் முகம் மட்டும் திரை முழுக்கப் பெரிதாக நின்றது. நோட்டில் 'லைன் கட்' என்பதை ஒரே கோடாக அடித்து, 'கிளம்பினான்' என்று திருத்தினாள். நீலத்துக்கு நேராகக் குறை என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு சற்று யோசித்தாள். ஆப்பின்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. 'இல்லை' என்று எழுதினாள்.