சேர்த்து வைத்த நாள்கள்

மார்ச் ஒன்பதாம் நாள், முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, கைப்பேசிக் கடை வரிசையில் பொத்தான் அக்காவை முதன்முதலாகச் சந்தித்தேன். என் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள தையற்கடையில் பொத்தான் தைப்பவர். அதனால் வந்த பெயர். முன்னால் நின்றவர் திரும்பியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கையில் தொங்கிய பொத்தானைத்தான் பார்த்தார். கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, நின்ற இடத்திலேயே தைத்து முடித்தார்.

"கூலி என்னக்கா?"

"காசு வேணாம் சார். புது ப்ளான் போட்டப்புறம், நான் சொல்றப்ப என் போனுக்கு ஒரு தடவை அடிங்க. மணி அடிக்குதான்னு பாக்கணும். என் தம்பிய விட்டா எனக்கு அடிக்க ஆளில்ல."

அந்தத் தம்பி சரக்குக் கப்பலில் சமையற்காரர். துறைமுகம் வரும்போது மட்டும் பேசுவார். அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரே எண் இது. ரீசார்ஜ் இல்லாமல் எண் செத்துவிட்டால், அக்காவைத் தேட அவருக்கு வேறு வழி கிடையாது.

கடைப் பெண் ஒப்பிக்கத் தொடங்கினாள். "தினம் ஒன்றரை ஜிபி, அன்லிமிடெட் கால், இருபத்தெட்டு நாள்."

"மாசம்னா முப்பது நாளில்ல? மிச்ச ரெண்டு நாள் நான் ஊமையா இருக்கணுமா?"

"அப்ப எண்பத்துநாலு நாள் போடுங்கக்கா. ரெண்டு ஜிபி வரும்."

"நான் கேக்காதத எல்லாம் தர்றியே தாயி! பேசாம இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கெடயாதா?"

அக்கா குழம்பினார், சற்று நேரத்தில் நானும் குழம்பினேன். ஒவ்வொரு விலையையும் நாள் கணக்கால் வகுத்துப் பார்த்து, ஒரு வருடத் திட்டத்தைக் காட்டினேன்: குறைந்த பேச்சு, பெயருக்குக் கொஞ்சம் இணையம். அதையே போட்டுக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது தையற்கடைக்குப் போனேன். அக்காவின் முகம் வாடியிருந்தது. தம்பியிடமிருந்து பேச்சே இல்லையாம்.

"போன் எங்கக்கா?"

பொத்தான் டப்பாவின் அடியிலிருந்து, துணியில் சுற்றிய கைப்பேசியை எடுத்தார். அணைந்து கிடந்தது.

"பேசாதப்ப அணைச்சு வச்சிருவேன். நாளு மிச்சமாகுமில்ல? ஞாயித்துக்கெழம மட்டும் திறந்து பாப்பேன்."

"அணைச்சு வச்சாலும் நாள் ஓடிட்டுத்தான்க்கா இருக்கும்."

"நான் தூங்கறப்பவும் வீட்டு வாடக ஓடற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அதை அந்தப் பொண்ணு சொல்லவே இல்லியே!"

இயக்கியதும், போன ஞாயிறுக்குப் பிறகு தவறிய அழைப்புகளின் செய்திகள் வந்து விழுந்தன. ஏதோ ஒரு நாட்டின் எண். திரும்ப அடித்தால் போகவில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூலி பாக்கி இருக்கே, இப்ப நான் அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"ஐயோ, வேணாம் சார்! நீங்க அடிக்கற நேரத்துல அவன் அடிச்சான்னா?"

அன்றிலிருந்து கைப்பேசியை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் நான் சாலையைக் கடக்கும்போது, தையற்கடையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"நான் எங்கடா போனேன்? நாளச் சேத்து வச்சுக்கிட்டு இங்கயேதான் உக்காந்திருந்தேன்!"

பொத்தான் இன்னும் உறுதியாக இருக்கிறது. அதற்குரிய ஓர் அழைப்பை அக்கா இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.