நான் சொன்ன கலாஸ்

ஆகஸ்ட் மாதத்தில், மடித்த ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அஜ்மானில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? கிறுக்கன் என்றுதான். விடிகாலையிலேயே அனல் முகத்தில் அடிக்கும் ஊர் இது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெயின்டர் பையன்கள் புதிதாக வந்தவர்களாக இருந்தால், "அண்ணே, காய்ச்சலா?" என்று கேட்பார்கள். "இல்ல தம்பி, டியூட்டி" என்பேன். துபாயில் ஒரு மாலுக்குள் ரிங்க் என்று ஐஸ் தரை இருக்கிறது, அதை வழித்துப் பளபளவென்று வைத்திருப்பதுதான் என் பிழைப்பு என்று சொன்னால் அவர்களும் சிரிப்பார்கள், ஊரிலிருக்கும் நீங்களும் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். எனக்குத்தான் பதினான்கு வருஷத்தில் அந்தத் தெம்பு போய்விட்டது.

ஐஸ் எனக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் விசைப்படகுகளுக்கு ஐஸ் போடும் கம்பெனியில்தான் கைத்தொழில் கற்றேன். அங்கே ஐஸ் என்றால் பாளம். உடைப்போம், அள்ளுவோம், மீனோடு கரைந்து நாறிப்போகும். அதை யாரும் நின்று பார்த்ததில்லை. இங்கே அதன்மேல் வழுக்கி விழுவதற்கு டிக்கெட் எடுத்து வருகிறார்கள். நான் ஓட்டும் வண்டி மேல்தோலைச் சீவி எடுத்துக்கொண்டே போகும், பின்னால் வெந்நீரைப் பரப்பும், அது உறைந்து கண்ணாடியாகும். சாயங்காலங்களில் ஐஸ் ஹாக்கி. காலில் கத்தி கட்டிக்கொண்டு, கையில் மட்டையோடு, ஒருவரையொருவர் சுவரில் மோதித் தள்ளுகிற விளையாட்டு. முதல் நாள் பார்த்தபோது ஏதோ வெட்டுக்குத்து என்று நினைத்து செக்யூரிட்டியைக் கூப்பிட ஓடினேன். ரொம்ப நாள் அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்தார்கள்.

அலெக்ஸெய் கஜகஸ்தான்காரன். இந்த விளையாட்டே அவனுக்குச் சம்பளம், பத்துப் பதினைந்து வருஷமாக ஊர் ஊராகக் கிளப் மாறிக் கடைசியில் இங்கே வந்தவன். வயது முப்பத்து நான்கு. அந்த விளையாட்டில் அது கிழட்டு வயது. போன சீசனில் ஒரு மேட்சில் இரண்டு பேர் மோத, அவனுடைய இடது முழங்கால் மட்டும் வேறு பக்கம் திரும்பியது. தசைநார் அறுந்துவிட்டது என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவன் கத்தவில்லை, கண்ணை இறுக்கி மூடியிருந்தான். ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆளே இல்லை. "அவன் கதை அவ்வளவுதான்" என்று ரிங்கில் எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன், பொய் சொல்வானேன்.

ஒன்பதாவது மாதம் வந்து நின்றான், பாதி உடம்பாக. ஜனங்கள் வருமுன் காலையில் பயிற்சி செய்யக் கிளப் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தது. ரிங்கில் அவனும் நானும் மட்டும். அவன் முடித்துப் போனதும் நான் வண்டியை எடுப்பேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். அவன் திரும்பும் இடங்களில் வலது கால் கீறல் விரல் நுனி பதியும் ஆழம், இடது கால் கீறல் நகம் பட்டது மாதிரி. ஆள் நேராகத்தான் ஓடுகிறான், கால் மட்டும் பயந்து பயந்து பதிகிறது. ஒருநாள் அவனைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தான். அன்றிலிருந்து தினமும் கிளம்புமுன் என்னிடம் வந்து நிற்பான்.

"டாக்டர் சே குட். கோச் சே குட். முரு பாய், யூ டெல் ட்ரூத்."

முருகேசனை அவன் முருவாக்கிவிட்டான். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். இந்த ஊரில் என்னிடம் உண்மையைக் கேட்ட முதல் ஆள் அவன். "லிட்டில் மோர்" என்பேன். தலையாட்டிவிட்டுப் போவான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் அவனைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தது. தேறினால் அடுத்த சீசன். தேறாவிட்டால் கான்ட்ராக்ட் போகும், அதோடு விசாவும் போகும். அந்த விஷயத்தில் கஜகஸ்தான் என்ன, காயல்பட்டினம் என்ன, எல்லோரும் ஒரே ஜாதி.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவன் பேய் மாதிரி ஓடினான். இடது காலைக் குத்தி நின்றபோது ஐஸ் துகள் என் முகம்வரை தெறித்தது. போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு கீறலும் ஒரே ஆழம். எனக்கு அப்படியொரு சந்தோஷம். இரண்டு கையையும் தட்டித் துடைத்துக்கொண்டு, "கலாஸ்! அலெக்ஸெய், நீ கலாஸ்!" என்று கத்தினேன்.

கலாஸ் என்றால் அரபியில் முடிந்தது. எங்கள் ரூமில் சோறு வெந்தாலும் கலாஸ், டியூட்டி முடிந்தாலும் கலாஸ், விசாவைக் கேன்சல் செய்து ஒருவன் ஒரேயடியாக ஊருக்குப் போனாலும் அவன் கலாஸ். நான் சொன்னது, வலி தீர்ந்தது, வேலை முடிந்தது, இனிமேல் கவலை இல்லை என்று. அவன் காதில் எது விழுந்ததோ! முகம் வெளுத்துப்போனது. பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். களைப்பு என்று நினைத்து நான் வண்டிக்குச் சார்ஜ் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால், டிக்கெட் கவுன்டரில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் மரீ கண் கலங்கி நின்றாள். "முரு பாய், ஒய் யூ சே தட்? யூ சே ஹிஸ் நீ இஸ் ஃபினிஷ்ட்? ஹீ வில் நாட் கம் ஈவ்னிங்."

இங்கிலீஷில் முழங்காலும் 'நீ'தானே! என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறான் என்று செல்வி சொல்வது சும்மாவா? அவள் என் மனைவி, சரியாகத்தான் சொல்வாள். அரபி அவனுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. இரவல் வார்த்தையை எடுத்து ஒருத்தன் பிழைப்பில் போட்டுவிட்டேனே பாவி! போன் செய்தேன், எடுக்கவில்லை. மரீயையும் செய்யச் சொன்னேன். "அவன் வருகிறவரை கூப்பிட்டுக்கொண்டே இரு" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அந்தத் தடம் அழிந்தால் என் பேச்சை அவன் எதற்கு நம்பப்போகிறான்?

ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், ஐஸ் வழிக்கவில்லை. "யல்லா முருகேசன், யல்லா! வாட் ஹேப்பன்ட்?" என்று அவசரப்படுத்தினார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பொய் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரிடம் நான் சொன்ன முதல் பொய். வார்னிங் லெட்டர் கொடுப்பேன் என்று கத்திவிட்டுப் போனார்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அலெக்ஸெய் வந்தான், கோபமாக. கையைப் பிடித்து ஐஸுக்குள் இழுத்துப் போனேன். மண்டியிட்டு, வலது கீறலில் விரலை வைத்தேன். பிறகு இடது கீறலில். "சேம். சேம். பெயின் கலாஸ். யூ மாஃபி கலாஸ்!" மாஃபி என்றால் இல்லை. அவனும் மண்டியிட்டான். விரலை வைத்து வைத்துப் பார்த்தான். பிறகு என் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு அழுதான். ஆறடி ஆள். குளிரில் முழங்கால் விறைத்துப்போய் நான் அப்படியே இருந்தேன், எழுந்திருக்க மனசு வரவில்லை.

சாயங்காலம் தேறிவிட்டான். இரண்டு மாதம் கழித்து முதல் மேட்ச். அவன் பெயரைச் சொன்னதும் ஜனங்கள் ரிங்கைச் சுற்றியுள்ள கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். கோல் ஒன்றும் போடவில்லை, மோதினான், விழுந்தான், எழுந்தான். இடைவேளையில் வண்டியோடு இறங்கி அவன் தடத்தைத் தேடினேன். நூறு கீறலுக்குள் எது அவனுடையது என்று தெரியவில்லை. அதைவிட என்ன வேண்டும்?

மேட்ச் முடிந்து கோல் வலைகளைக் கழற்ற நடந்து போனேன். ஐஸெல்லாம் வெள்ளைத் துகள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அலெக்ஸெய் கூப்பிட்டான். "முரு பாய், லுக்." திரும்பிப் பார்த்தேன். துகளில் என் ஷூ தடம். இடது கால் முழுசாக ஊன்றியிருந்தது, வலது கால் நுனி மட்டும் தொட்டுத் தொட்டுப் போயிருந்தது.

தூத்துக்குடி ஐஸ் கம்பெனியில் சறுக்கி வந்த பாளம் நொறுக்கிய கணுக்கால் அது. கட்டுப் பிரித்த மறுமாசம் விசா மெடிக்கல். டாக்டர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி நேராக நடந்தேன். 'ஃபிட்' என்று எழுதினார். அன்றிலிருந்து நேராகவே நடக்கிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். ரூமில்கூட யாருக்கும் தெரியாது. செல்வி மட்டும் போனில் கேட்பாள், "ஏங்க, கால் வலிக்கா? இந்த வருசமாவது கலாஸ் பண்ணிட்டு வந்துருங்களேன்." அடுத்த வருசம் என்பேன். லீவில் போனாலோ மூன்றாம் வாரமே இந்தக் குளிரைத் தேடும் உடம்பு. அதை அவளிடம் சொன்னதில்லை.

"யூ," என்றான் அலெக்ஸெய், கேலி இல்லாமல். "வென் கலாஸ்?"

அழுகை வந்துவிடுமோ என்று பயந்து வண்டியில் ஏறினேன். முழு ரிங்கையும் வழித்தேன், என் தடத்தையும் சேர்த்து. ஓரமாக நிறுத்திவிட்டு வலைகளைத் திரும்ப மாட்டப் போனேன். ஈரத் தரையில் மறுபடியும் என் தடம், ஒரு கால் ஊன்றியும் ஒரு கால் ஊன்றாமலும் விழுந்தது.