அறுபதில் நிறுத்திய பேட்டரி

மடிக்கணினியின் பேட்டரியை நூறு வரை ஏற்றக் கூடாது. அறுபதில் நிறுத்தினால் ஆயுள் கூடும். கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிப்பவர்கள் இந்த நாட்டில் சிறுபான்மையினர். நான் அவர்களில் ஒருவன். வாங்கிய அன்றே அறுபதுக்கு மேல் ஏறாதபடி அமைத்துவிட்டேன். மாதம் பிறந்ததும் பேட்டரி அறிக்கை எடுத்து, அச்சிட்டு, துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பேன். நான்கு ஆண்டுகளில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய குறையவே இல்லை. என் உடம்பைப் பற்றி எந்த மருத்துவரும் அப்படி ஓர் அறிக்கை தந்ததில்லை.

பீர்க்கன்கரணையில் எங்கள் அடுக்ககத்தின் முன்னால் ஒரு மழைநீர் வடிகால் இருக்கிறது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் அது சேருமிடம் கீழ்வீட்டு டீச்சரின் கூடம். ஐந்து வருடமாக அவர் ஃபிரிட்ஜ் செங்கல் மேல் நிற்கிறது. வடிகாலின் வரைபட நகல் கேட்டுத் தகவல் உரிமை மனு போட்டேன். கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். முதல் மேல்முறையீட்டுக்கும் அதே பதில், கையெழுத்து மட்டும் வேறு. இரண்டாவதற்கு இரண்டு வருடம் காத்திருந்தபின் தகவல் ஆணையத்திலிருந்து காணொளி விசாரணைக்குத் தேதி வந்தது. மனுதாரர் வராவிட்டால் மனு முடித்துவைக்கப்படும்.

அதே நாளில் எங்கள் பகுதியில் காலை ஒன்பது முதல் இரண்டு வரை பராமரிப்பு மின்தடை. நாளிதழில் வந்த அறிவிப்பைக் கத்தரித்தே வைத்திருந்தேன். முதல் நாள் மாலையிலிருந்து சார்ஜரும் செருகியே இருந்தது. மின்விசிறி நின்றபோது திரையின் மூலையைப் பார்த்தேன். அறுபது. அப்போதுதான் நான்கு வருடத்துக்கு முந்தைய என் புத்திசாலித்தனத்தின் விலை உறைத்தது.

"இன்வெர்ட்டர் எதுக்குன்னு பத்து வருஷம் வாதாடி ஜெயிச்சீங்களே" என்றாள் மனைவி.

போனின் இணையத்தைக் கணினியோடு இணைத்தேன்.

"போன்லயே பேசித் தொலைங்களேன்."

"வைஃபை செத்துப்போச்சு. போன்லேர்ந்துதான் இதுக்கு நெட் போகுது. மனுவோட இருபத்திரண்டு இணைப்புக் காகிதம் இருக்கு, அதையெல்லாம் போன்ல எப்படிக் காட்டுறது?"

"மாடம்பாக்கத்துல என் தம்பி வீட்ல கரண்ட் இருக்குமே?"

பத்து மணிக்கே காத்திருப்பு அறையில் இணைந்திருக்க வேண்டும் என்று நோட்டீஸ் சொன்னது. வழியில் மாட்டிக்கொண்டால்? மறுத்துவிட்டேன். திரையின் வெளிச்சத்தைக் கண்ணை இடுக்கிப் பார்க்கும் அளவுக்குக் குறைத்தேன். தேவையற்ற நிரல்களை ஒவ்வொன்றாக மூடினேன். கணினியையும் மூடினேன். ஐந்து நிமிடத்தில் திறந்து, எவ்வளவு மிச்சமானது என்று பார்த்தேன். மறுபடி மூடி, மறுபடி திறந்தேன். பத்து மணிக்கு ஐம்பத்திரண்டு. சேமிப்பைப் பார்த்துப் பார்த்தே செலவழித்திருந்தேன்.

பத்துக்கு இணைந்தது நான் ஒருவன்தான். மற்றவர்கள் பதினொன்றுக்குச் சாவகாசமாக வந்தார்கள். பட்டியலில் என் எண் ஒன்பது. மூன்றாவது மனுதாரர் தன் தெருவிளக்கின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன். திரை அணைந்துவிடுமோ என்று ஓடி வந்து மவுஸை அசைத்தேன்.

டீச்சர் மாடியேறி வந்தார். "எவ்ளோ சார் இருக்கு?"

"பத்தொம்பது."

"ஐசியூ வாசல்ல நிக்கிற மாதிரி சொல்றீங்க."

என்னை அழைத்தபோது ஏழு. சிக்கனத்துக்காகக் கேமராவை அணைத்து வைத்திருந்தேன்.

"ஐயா, முகத்தக் காட்டுங்க" என்றார் விசாரித்த ஆணையர். "நீங்கதான் மனுதாரர்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கேமரா போட்டதும் ஐந்தானது. வாதத்துக்குப் பதினான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். "முதலாவதாக" என்று ஆரம்பித்தேன். நான்கு. காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஐயா, வரைபடம் இல்லாம வடிகால் கட்டியிருக்க முடியாது. அதைக் கொடுக்கச் சொல்லுங்க."

என் தோளுக்குப் பின்னாலிருந்து டீச்சர் தலையை நீட்டினார். "தண்ணி என் வீட்டுக்குள்ளதாங்க வருது. அஞ்சு வருஷமா."

மனுதாரர் அல்லாதவர் அனுமதியின்றி விசாரணையில் பேசக் கூடாது. தடுக்கக் கையைத் தூக்கினேன். பிறகு அந்தக் கையால் கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

ஆணையர் எதிர்த்தரப்பு அலுவலரிடம் கேட்டார். "மேப் இருக்கா, இல்லையா?"

"தேடிகினு இருக்கோம் சார்."

"பதினஞ்சு நாள்ல தேடி முடிச்சு நகலக் கொடுங்க. மனுதாரர் வேற ஏதாவது சொல்லணுமா?"

இரண்டு. "இல்லைங்க ஐயா."

"உங்களுக்கா சொல்ல ஒண்ணுமில்ல?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. திரை கறுத்தது.

பதினான்காம் நாள் நகல் வந்தது. டீச்சர் வீட்டு மேசையில் விரித்துப் பார்த்தோம். வரைபடத்தில் வடிகால் நீல மையில் வளைந்து ஏரிவரை போகிறது. தெருவில் அது எங்கள் வாசலோடு நின்றுவிடுகிறது. மீதியை ஏன் கட்டவில்லை என்று அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழக்கே வானம் இருட்டுகிறது. கீழே டீச்சர் செங்கலில் இன்னொரு வரிசை அடுக்கும் சத்தம் கேட்கிறது. அறுபது என்ற வரம்பை எடுத்துவிட்டேன். மூலையில் நூறு என்று காட்டுகிறது. இரண்டு வரிக்கு ஒருமுறை அதைப் பார்க்கிறேன். உறுத்தலாகத்தான் இருக்கிறது.