வெள்ளித்தாளில் இரண்டு முடி

என் ஆட்டோவில் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளித்தாள் மடிப்பு இருக்கிறது. இட்லி மடிக்கும் தாள்தான். உள்ளே இரண்டு முடி. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் வீட்டுக்காரியுடையது. கொடுத்தது டாக்டரம்மா. ஊசி போடும் டாக்டர் இல்லை, குரங்குப் படிப்பு படித்தவர்.

அடையாறு ஸ்டாண்டிலிருந்து அவரை மரம் அடர்ந்த ஒரு காலேஜுக்கு ஏற்றிப்போவேன். எந்தக் குரங்கு உட்கார்ந்து சொறிந்துவிட்டு எழுந்தது என்று பார்த்து, அங்கே விழுந்த முடியைப் பொறுக்குவார். பிறகு தரமணியில் மெஷின். தின்றது இலையா, கேன்டீன் சிப்ஸா என்று முடியை எரித்துப் பார்த்தால் தெரியுமாம். கூட்டத்தில் யார் யாரோடு ஒரே பந்தி என்பதும் தெரியுமாம். ஸ்டாண்டில் என்னைப் பார்த்தாலே கேலி. "இன்னா மச்சி, குரங்குக்கு சவரம் பண்ட்டு வர்றியா?"

சில வாரம் மட்டும் சாப்பாடு மாறினால் முடி காட்டாது என்றார் அவருக்கு மேலே இருந்தவர். காட்டும் என்று நிரூபித்தால்தான் வேலை தொடரும். குரங்கை விரதம் இருக்கச் சொல்ல முடியுமா? அப்போது நான் மலைக்கு மாலை போட்டிருந்தேன். மீன் கிடையாது, முடி வெட்டுவதும் கிடையாது. விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா ஆட்டோவிலேயே கைதட்டினார். "அண்ணா, மலைக்குப் போயிட்டு வந்ததும் உங்க முடி எனக்குத்தான். அக்காவோடதும் வேணும். அவங்க மீன் சாப்பிடறவங்க, பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்."

என் வீட்டுக்காரி மீன் விற்கிறவள். கடையிலேயே தின்றுவிட்டு வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். "மீன்கார ஊட்ல விரதமா சாமி? நம்பிட்டோம்!" என்றார்கள் ஸ்டாண்டில்.

மலைக்குப் போய் வந்து முடியைக் கொடுத்தோம். ஒரு நாள் டாக்டரம்மா மீன் கடைக்கே வந்தார். முகம் செத்திருந்தது. கையில் இரண்டு கோடு போட்ட தாள். விரத நாளில் என் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. மீன் தின்கிற என் வீட்டுக்காரி கோட்டிலும் அதே பள்ளம். "மெஷின் தப்பா காட்டுது அண்ணா. எல்லாம் போச்சு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "மெஷின இன்னாத்துக்கு கண்ணு திட்டற? நானுந்தான் துன்னல. இந்தாளு வெறும் ரசத்த ஊத்திக்கினு குந்திகினு கீறப்போ எனக்கு மட்டும் எப்டி மீன் எறங்கும்?"

டாக்டரம்மா செதில், ஈரம் எதையும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லவேயில்லியே" என்றேன்.

"நீ கேட்டியா?"

வேலை தொடர்ந்தது. ஒரு கை போன பெட்டைக் குரங்கு ஒன்று உண்டு. மிச்சம் மீதிதான் அதற்குக் கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் டாக்டரம்மா போனில் கத்தினார். "அண்ணா, அதோட முடியும் கூட்டத் தலைவனோட முடியும் ஒண்ணுதான்! ஒரே பந்தி!" நானும் சிக்னலில் நின்றபடி சத்தமாகச் சிரித்தேன்.

இப்போது அவர் வேறு ஏதோ காட்டில் முடி பொறுக்குகிறார். கிளம்பும்போது எரிக்காமல் மிஞ்சிய எங்கள் முடியை மடித்துக் கொடுத்தார். இந்தக் கார்த்திகைக்கும் மாலை போட்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு தட்டிலும் ரசம். சவாரிக்காரர்கள் மடிப்பைப் பார்த்து விபூதியா என்று கேட்கிறார்கள்.

ரசம் சாதம் என்கிறேன்.