காத்து குடிச்சதா, தரை குடிச்சதா

மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு கிழிக்கிறார் பூச்சுக்காரர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அதனுள்ளும் ஒரு கோடு. பிறகு வாசலில் குந்திவிடுகிறார். வாளி எதற்கு என்றால், "அதுல குறைஞ்சது காத்து குடிச்சது சார். தரையில அதைவிட ஒரு நூலளவு அதிகமாக் குறைஞ்சா, தரை குடிச்சது" என்பார்.

கசியாமல் பூச்சுப் பூசுவது அவர் தொழில். மூலைகளில் வலைத்துணி ஒட்டி, மூன்று கை பூசி, காய்ந்ததும் வடிகாலை ரப்பர் அடைப்பானால் மூடி, முழுசாக இரண்டு நாள் காத்திருப்பார். அதனாலேயே கூட்டாளிகள் வைத்த பெயர் 'ரெண்டுநாள்'. "டீ குடுத்தாக்கூட டம்ளரைத் தூக்கி அடியைப் பாத்துட்டுதான் குடிப்பாரு" என்று கேலி வேறு. அவர் சிரிப்பதில்லை.

நான் கீழ்வீட்டுக்காரன். அந்தத் தண்ணீருக்கு நேர் கீழேதான் என் மகள் படிக்கிறாள், படுக்கிறாள். ஒரு வருஷம் ஒழுகி, மேல்வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டித்தான் இந்த வேலையே நடக்கிறது. காலையும் மாலையும் இவர் வந்து, மகளின் நாற்காலியில் ஏறி, மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். 'என்னய்யா, தளத்துக்குக் காய்ச்சலா?' என்று தண்ணீர் நிறுத்திய அன்று மாலை எரிந்து விழுந்தேன்.

"அக்கா வீட்டுல இதே மாதிரிதான் சார். மேல பாத்ரூம், கீழ சமையல்கட்டு. தண்ணி நிறுத்தி ஒரு நாள்தான் ஆச்சு. மாமா, 'போதும்டா, விருந்தாளி வராங்க'ன்னாரு. தொறந்துவிட்டேன். நாலே மாசம். தண்ணி ஒயருக்குள்ள இறங்கி சுவிட்சு வரைக்கும் வந்துருச்சு. அக்கா ஈரக்கையோட சுவிட்சைப் போட்டா. அவ்வளவுதான் சார்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவசரப்படுத்துனது மாமாதான். அடைப்பானைப் புடுங்குனது என் கை. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னம்பாங்க. ஒரு நூல் போதும் சார்."

பாவி, இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை, வாளியைவிடத் தரையில் ஒரு நூல் கூடக் குறைந்திருந்தது. பெயர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும் என்றார். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார் மேல்வீட்டுக்காரர்.

"வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும்யா."

"வாளிக்கும் அதே வெயில்தானே சார்."

"உன் வாளிப் புராணத்தை வேற எங்கயாவது பாடு. டைல்ஸ் ஆளு மத்தியானம் வரான். நீ கெளம்பு."

சொன்னதோடு, தானே இறங்கி அடைப்பானைப் பிடுங்கினார். "என் மகள் கீழே இருக்கிறாள்" என்று வாசலில் நின்று கத்தினேன். "என் வீட்டு பாத்ரூம், எனக்குத் தெரியும்" என்று கதவைச் சாத்தினார். இப்படியும் ஒரு மனுஷன்!

பூச்சுக்காரர் வாளியோடு என் வீட்டுக்கு வந்தார். மெயினை அணைத்தார். மகள் அறையின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, விளக்குக்குப் போகும் ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றினார். நாற்காலியில் ஏறினார். இந்த முறை தளத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. பல்பைக் கழற்றிக்கொண்டு இறங்கி, என் கையில் வைத்து, என் விரல்களைத் தன் கையால் மூடினார்.