வாயைக் கொடுத்து மாட்டிய மைக்செட்காரன்

பூதலூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் பெரியநாயகசாமி என்றால் யாருக்கும் தெரியாது. மைக்செட் சாமி என்றால் ஆடு மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான். எனக்கு ஒரு வியாதி உண்டு. மைக்கைப் பிடித்தால் வாய் சும்மா இருக்காது.

ஐப்பசியில் கிராமசபை கூடியது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏலம் விடலாமா என்று பேச்சு. மழைக்காலத்தில் கொக்கும் நாரையும் அந்த மரங்களில்தான் கூடு கட்டும். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் எழுந்தேன்.

"அதுங்கல்லாம் பிரசவத்துக்கு நம்மூருக்கு வந்த பொண்ணுங்க மாதிரி. மரத்துல கைய வைக்கக் கூடாது!" என்றேன். ஒரே கைதட்டல். அதோடு உட்கார்ந்து தொலைத்திருக்கலாம். "குஞ்சு பறக்குற வரைக்கும் ஏரிக்கரையில வெடி கூடாது, ஸ்பீக்கரும் கூடாது!" என்று சேர்த்துவிட்டேன். ஊராட்சித் தலைவர் ரெத்தினம் அதை அப்படியே தீர்மானமாகப் போட்டுவிட்டார்.

வீட்டில் என் மனைவி விண்ணரசி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, நம்ம வனத்து அந்தோணியார் கோயில் எங்க இருக்கு?"

ஏரிக்கரையில். பொங்கலை ஒட்டி வரும் அந்தத் திருவிழாவுக்கு ஆடு மாடுகளை ஓட்டிவந்து மந்திரிப்பார்கள். பக்கத்துப் பனைமரத்தில் என் குழாயைக் கட்டி மூன்று ஊருக்குப் பாட்டுப் போடுவதுதான் வருஷம் பூராவும் நான் காத்திருக்கும் பெருமை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழா நெருங்க நெருங்கப் புத்தி குறுக்கே ஓடியது. குழாயை வயல் பக்கம் திருப்பிக் கட்டினால் பறவைகளுக்கு என்ன கேட்டுவிடப் போகிறது? கட்டியும்விட்டேன். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். அவ்வளவுதான்.

ஏரியே எழுந்து பறந்தது. கூட்டில் குஞ்சுகள் தனியாகக் கிடந்தன. காக்கைகள் வந்து இறங்கின. ஒன்று பச்சைக் குஞ்சைக் கவ்விக்கொண்டு என் தலைக்கு மேலேயே போனது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். கத்திக் காக்கையை விரட்டலாமென்றால், என் சத்தத்துக்கு நாரைகள் இன்னும் தூரமல்லவா போகும்? வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி நாரை திரும்பிவந்து கூட்டில் இறங்கும்வரை எனக்கு உயிரே இல்லை. தொந்தி சிராய்க்கப் பனையேறி, குழாயை நானே இறக்கினேன்.

திருவிழாவில் ஃபாதர் வெறும் தொண்டையில் பூசை வைத்தார். காது கேட்கவில்லை என்று ஜனம் பீடத்தருகே நெருக்கிக்கொண்டு நின்றது. வழக்கம்போல நன்றியுரை எனக்கு. வாயைத் திறந்தேன். இரையோடு வந்த தாய்களைப் பார்த்து மரத்துக்கு மரம் குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. அந்த இரைச்சலில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

ரெத்தினம் காதில் கையைக் குவித்துக்கொண்டு, "சாமி, ஒண்ணும் கேக்கல, சத்தமா பேசுங்க!" என்றார்.

என் ஆயுசில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. "அதுங்க பேசி முடிக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. விண்ணரசி மட்டும் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டு, காய்ச்சலா என்று பார்த்தாள்.